மகளுக்கு ஒரு வீடு: கல்முனைக் கரையில் அன்றும் இன்றும்

கல்முனைப் பட்டினத்திலிருந்து சாய்ந்தமருதுப் பக்கமாக உள்ளொழுங்கைகளில் போகிறவர் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வீட்டு வேலை முடிந்திருக்கும். நிறம் அடித்தாயிற்று, முன்சுவரில் டைல்ஸ் ஒட்டியாயிற்று, கேற்றும் போட்டாயிற்று. ஆனால் மேல்தட்டின் மூலைகளில் தூண்கள் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும், அவற்றின் தலையில் கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர் காசு போதாமல் நின்றுபோன வேலை என்று நினைப்பார். அந்த வீட்டில் கலியாணம் ஆகாத மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர்க்காரர் சொல்லாமலே விளங்கிக்கொள்வார்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடிந்து பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் அவள் பேரில் எழுதப்படும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும் கடற்கரையிலும் இதுதான் வழக்கம். வயல்வெளி தாண்டி மேற்கே கிடக்கும் சம்மாந்துறை, வீரமுனை, சொறிக்கல்முனையிலும் இதே கதைதான். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர் என்ற பேதம் இதில் பெரிதாக இல்லை. வீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் கூரையில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் தூணில். இங்கே எத்தனை மகள்மார் என்ற கேள்வியில் தொடங்கினால்தான் வீடு பிடிபடும்.

பக்கத்து அக்கரைப்பற்றில் பல வருடங்கள் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறார். தாய்வழிக் குடிமுறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருப்பதும், வீடு தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவதும் அவருடைய ஆய்வின் மையம். இதற்கு உறவுக்காரர் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டுக் காயல்பட்டினத்தில் முஸ்லிம் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைக்கிற வழக்கம் இன்றும் உண்டு. கேரளத்துக் கண்ணூரின் மாப்பிள்ளை முஸ்லிம்களின் தறவாடுகளும் மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு மக்களின் பெரிய வீடுகளும் இதே வகை. கடல் வழியாகப் போய் வந்த ஊர்களில் ஆண் பிள்ளை அலைவான், பெண் வீட்டில் நிற்பாள் என்பதால் இப்படி வந்தது என்று சிலர் காரணம் சொல்வார்கள். சொறிக்கல்முனைபோல வயலே கதியென்று கிடந்த ஊருக்கு அந்தக் காரணம் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

சட்டப் புத்தகம் இந்த வழக்கத்துக்குப் பெரிதாக உதவவில்லை. தாய்வழியைப் பின்பற்றிய மட்டக்களப்புத் தேசத்தின் முக்குவர் சட்டம், 1876இல் வந்த விவாக உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றத்தில் வழக்கொழிந்தது. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் ஷரீஅத் பங்கைச் சொல்கிறது. அதில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. ஊர் என்ன செய்தது? இரண்டோடும் சண்டை போடவில்லை. இறந்த பிறகு பங்கு பிரித்தால்தானே சட்டம் வரும், உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டால்? நொத்தாரிசிடம் போய் சீதன உறுதி எழுதி, கலியாணத்துக்கு முன்னமே வீட்டை மகளுக்குக் கொடுத்தார்கள். கிழக்குக் கரையின் வீடுகளைக் கட்டிய ‘பொறியியலாளர்’ யாரென்று கேட்டால் நான் அந்த உறுதியைத்தான் காட்டுவேன்.

இனி அன்றைய வீட்டுக்கு வருவோம். அதைப் பார்க்கக் கடற்கரையை விட்டு உள்ளே போவது நல்லது. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை தாண்டி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசம். சொறிக்கல்முனை அங்கேதான் இருக்கிறது. திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர்பெற்ற கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம், சுற்றிலும் வேளாண்மை. மாரி மழையில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போகிற வழி அடைபடும். இது பழங்கதை இல்லை, இப்போதும் கார்த்திகை, மார்கழியில் பத்திரிகைச் செய்தியாக வருகிற விஷயம்.

இப்படி வெள்ளத்தோடு குடியிருக்கிற ஊரின் மண்வீட்டில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. வெளியில் பார்த்தால் சுவரே வீட்டைத் தாங்குவதுபோலத் தெரியும். உண்மையில் தாங்கியவை காட்டு மரக் கப்புகள். முதிரையோ பாலையோ வீரையோ, வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து, அடியைக் கரியாகச் சுட்டு நிலத்தில் நடுவார்கள். அதன்மேல் வளை, வளையிலிருந்து கைமரம், கைமரத்தில் வரிச்சு. கூரை முழுவதும் நின்ற பிறகுதான் சுவர். கப்புக்கும் கப்புக்கும் இடையில் மெல்லிய கம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொடியால் கட்டி, காலால் மிதித்துப் பதமாக்கிய மண்ணை உருண்டை உருண்டையாக இரண்டு பக்கத்திலிருந்தும் அழுத்துவார்கள். முதல் பூச்சு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்கவேண்டும். அந்த வெடிப்பில்தான் இரண்டாவது பூச்சு பிடிக்கும். மூன்றாவதில் மணல் கலந்து உள்ளங்கையால் தடவி வழுவழுப்பாக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலை. அந்தத் தடவலின் வளைவுகளைச் சுவரில் சாய்வெயில் படும்போது பார்க்கலாம்.

வெள்ளம் வந்தால் சுவரின் கீழ்ப்பாதி கரைந்து போகும், கூரை அப்படியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் கரைந்த மண்ணையே குழைத்து மறுபடி அப்புவார்கள். இன்றைக்குச் சீமெந்துச் சுவர் அடியோடு இறங்கினால் வீட்டுக்காரருக்கு அது வாழ்நாள் கடன். அன்று அது ஒரு வாரத்து உடம்புநோவு.

கூரைக்கு வயற்கரையில் வைக்கோலும் இலுக்கும், கடற்கரையில் தென்னங்கிடுகு. கிடுகு ஒன்றிரண்டு வருடத்தில் உக்கிவிடும், மாற்றவேண்டும். வெட்டு முடிந்து மாரிக்கு முன் உள்ள இடைவெளியில் கூரை வேய்வது ஊர்க்கடமை. அயலவர் கூலி வாங்காமல் வருவார்கள், சாப்பாடு வீட்டுக்காரருடையது. சொறிக்கல்முனையில் செப்டெம்பர் 14 திருவிழாவும் அந்த இடைவெளியில் வருவது வசதியாகப் போயிற்று. திருநாளுக்கென்று மெழுகிய வீடு மழைக்கும் ஆயத்தமாகிவிடும். தரை சாணி மெழுகு. சுவரின் அடிப்பாகத்தில் ஒரு முழ உயரத்துக்குக் கரியும் மண்ணும் கலந்து கறுப்புப் பட்டை, மேலே வெள்ளை. வெறும் அழகுக்காக என்று நினைக்கவேண்டாம். கூரையின் இறப்பிலிருந்து விழும் தண்ணீர் மண்ணைத் தெறித்துச் சுவரில் அழுக்காக்குவது கறுப்பில் தெரியாது.

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. முன்னுக்கு ஒரு குந்து, அதற்குள் ஒரு திறந்த விறாந்தை, நடுவில் இருட்டு அறை ஒன்று. அந்த அறைக்குச் சாளரம் இராது. இருந்தாலும் ஒரு சாண். நெல்மூடையும் பெட்டகமும் அங்கேதான், பிள்ளைப்பேறும் அங்கேதான். குசினி எப்போதும் தனிக் கொட்டில், வீட்டுக்குப் பின்னால். நெருப்பையும் கிடுகையும் ஒரே கூரையின் கீழ் வைக்க யாரும் துணியமாட்டார்கள். மே முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் ஒரு பொறி போதும், ஒரு ஒழுங்கையே போய்விடும். குடும்பம் பகலெல்லாம் உண்மையில் வாழ்ந்தது வீட்டுக்கு வெளியே, மரநிழலில். வீடு என்பது மழைக்கும் இரவுக்கும்.

இந்தச் சின்ன வீட்டை வைத்துக்கொண்டு மூன்று மகள்மாருக்கு எப்படிச் சீதனம் கொடுத்தார்கள் என்பதுதான் கதை. வளவு பெரிது. மூத்தவளுக்குக் கலியாணம் ஆனதும் தாய் தகப்பன் பெரிய வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு அதே வளவில் இன்னொரு வீடு கட்டி, கலியாணமாகாத பிள்ளைகளோடு ஒதுங்குவார்கள். இரண்டாவது மகளின் முறை வந்தால் அந்த வீடும் போகும். கடைசி மகளோடு கிழவனும் கிழவியும் கடைசி வீட்டில். நாற்பது வயதில் வீட்டின் நடு அறையில் படுத்தவள் அறுபதில் குசினியோடு ஒட்டிய தாழ்வாரத்தில் படுப்பாள். யாரும் அவளைத் துரத்தவில்லை. அவளுடைய தாயும் அப்படித்தான் பின்னுக்குப் போனாள். அக்கா தங்கை வளவுகளுக்கு நடுவில் வேலி இருக்கும், வேலியில் ஒரு பொட்டு இருக்கும். உப்பும் நெருப்பும் பிள்ளையும் அந்தப் பொட்டால் போய் வரும். முஸ்லிம் ஊர்களில் இந்தப் பொட்டுக்கு இன்னொரு பெறுமதி இருந்தது. தெருவுக்கு இறங்காமல், முக்காட்டைச் சரிசெய்யவேண்டிய தேவையும் இல்லாமல், ஒரு பெண் பின்வளவுகளால் ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குப் போய்விடலாம். ஆண்களின் ஊர் தெருவோடு ஓடியது, பெண்களின் ஊர் அதற்குப் பின்னால் ஓடியது. காயல்பட்டினத்திலும் பெண்களுக்கென்று தனி முடுக்குகள் உண்டு. அங்கே கல்லால் கட்டினார்கள், இங்கே கிடுகு வேலியில் ஓட்டை போட்டார்கள்.

போடியார்மாரின் வீடு வேறு. அவர்களுக்கு வயல் ஏக்கர்க் கணக்கில். வீட்டுக்கும் அதற்கேற்ற மிடுக்கு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தடித்த சுவர், முன்னுக்கு உருண்டைத் தூண் நிறுத்திய விறாந்தை, ஓடாவி மாதக்கணக்கில் இருந்து செதுக்கிய நிலையும் கதவும், நெல்லுக்கு அட்டுவம். கூரையில் முதலில் நாட்டு ஓடு, பிறகு கள்ளிக்கோட்டை ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வகை அது. முதலில் கப்பலில் இலங்கைக்கு வந்தது, பின்னர் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்திலேயே அதை வார்க்கத் தொடங்கினார்கள். ஒன்றோடொன்று கொளுவி நிற்கும் என்பதால் நாட்டு ஓட்டைவிடப் பாரம் குறைவு, மரமும் குறைவாகப் போதும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு சிறுபோகமும் கைக்கு வந்தது. அதற்குப் பிறகே நடுத்தர வேளாண்மைக்காரர் வீட்டிலும் ஓடு ஏறிற்று. ‘ஓட்டு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுத்தார்கள்’ என்பது ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் பேசுகிற செய்தி.

மருதமுனையை விட்டுவிட்டுப் போக முடியாது. கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே வீட்டின் முன்பகுதியைத் தீர்மானித்தது தறி. தறியின் நீளத்துக்கு விறாந்தை, வெளிச்சத்துக்கு அரைச்சுவர், நூல் காயப்போட முற்றம். மற்ற ஊரில் முன்விறாந்தை வந்தவர் உட்காருகிற இடம், மருதமுனையில் அது பட்டறை. பாவோட ஒழுங்கையையே பயன்படுத்துவார்கள். வீட்டின் நிழலில் பெண்கள் தார் சுற்ற, முன்னுக்கு ஆண்கள் நெய்ய, நாள் முழுக்கத் தறிச்சத்தம். இப்போது தறி குறைந்துவிட்டது, இருப்பவையும் பலவிடத்தில் தனிக் கொட்டகைக்குப் போய்விட்டன. நீண்ட விறாந்தைகளில் கிறில் அடித்து மோட்டார் சைக்கிள் விடுகிறார்கள்.

1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளியை வைத்து இந்தப் பக்கத்து முதியவர்கள் இன்றும் வயதுக்கணக்குப் பார்ப்பார்கள். மட்டக்களப்பையும் அம்பாறைக் கரையையும் அடித்துப்போட்ட அந்தக் காற்றில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள், வீடிழந்தவர்கள் இலட்சக்கணக்கில். வீட்டின் வரலாற்றில் அது செய்த வேலை வேறொன்று: தென்னையை முறித்தது. தோட்டம் தோட்டமாகத் தென்னை சாய்ந்தபோது கிடுகும் போயிற்று. புதிய தென்னை காய்க்கிற வரைக்கும் கிடுகுக்கு எங்கே போவது? நிவாரணமாகத் தகரம் வந்தது, பிறகு அஸ்பெஸ்டஸ் சீற் வந்தது. தென்னை திரும்ப வளர்ந்த பிறகும் கிடுகு வீட்டுக்கூரைக்குத் திரும்பவில்லை. கூரை வேய வருகிற அயலவரின் கூட்டமும் அதோடு கலைந்தது. தகரத்துக்கு வருடாவருடம் யாரையும் கூப்பிடத் தேவையில்லையே.

அதே காலத்தில்தான் மத்திய கிழக்குப் பயணமும் தொடங்கியது. எழுபதுகளின் கடைசியிலிருந்து சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் போனவர்கள் அனுப்பிய காசில் முதலில் நடந்தது வீடு கட்டுவது. யாருக்கு? தங்கைக்கு. மூத்த மகன் வெளிநாடு போவான், காசு அனுப்புவான், அந்த வீட்டில் தங்கையின் புருஷன் குடியிருப்பான். இவன் கலியாணம் முடித்து இன்னொருத்தன் தங்கைக்குக் கட்டிய வீட்டுக்குப் போவான். இந்தக் கரையில் ஆம்பிளைப் பிள்ளை வீடு கட்டாமல் இருப்பதில்லை, தான் கட்டின வீட்டில் இருப்பதும் இல்லை. இதைச் சொல்லிச் சிரிக்காத நானா ஒருவரையும் நான் கண்டதில்லை. சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு வட்டிக்கடன் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

வந்த காசோடு அங்கே கண்ட வீடும் வந்தது. வளைவு வைத்த முகப்பு, இலை வேலைப்பாடு வார்த்த தூண்தலை, கைபிடிச் சுவரில் வரிசையாகக் குமிழ்க்கால், சில இடத்தில் சின்னக் குவிமாடம்கூட. மேசன்மாருக்கு இதற்கு அச்சுகள் உண்டு. சீமெந்தை ஊற்றி வார்த்து எடுத்து ஒட்டுவார்கள். ரசனைக் குறைவு என்று கொழும்பில் படித்தவர்கள் முகம் சுளிக்கலாம். பாலைவனத்தில் பதினைந்து வருடம் பிறத்தியார் மாளிகைக்குக் கல் சுமந்தவன் தன் தங்கை வீட்டு வாசலில் ஒரு தூணை அலங்கரித்தால் அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடுவில் 1990. அந்த வருடத்து வன்செயல்களில் இந்தப் பக்கத்துத் தமிழூர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் உயிர்களோடு வீடுகளும் போயின. பல குடும்பங்கள் வருடக்கணக்கில் பாடசாலைகளிலும் உறவுக்காரர் வளவுகளிலும் கிடந்தன. அதற்குப் பிறகு எழும்பிய வீடுகளில் கிடுகு வேலி இல்லை, மதில் வந்துவிட்டது. பொட்டும் அதோடு அடைபட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியாகக் கடல் வந்தபோது இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, மாளிகைக்காடு என்று கடலோர வட்டாரங்கள் தட்டையாகின. அரசு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு பட்டைபோலக் கிடக்கும் ஊரில் 200 மீற்றர் என்பது கால்வாசி ஊர். பின்னர் எல்லை தளர்த்தப்பட்டது, ஆனால் அதற்குள் மாற்று இடம் தேடி ஓட்டம் தொடங்கிவிட்டது. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம், கல்முனையில் கிறீன்பீல்ட் வீட்டுத்திட்டம், மருதமுனையில் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்று புதிய பெயர்கள் ஊர் வாய்க்குப் பழகின. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் யாருக்கு என்ற வழக்கில் சிக்கி, ஆட்கள் குடியேறாமல் வருடக்கணக்கில் பற்றைக்காடு மூடிக் கிடந்தன.

குடியேறக் கிடைத்தவர்களுக்கும் இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று உறுதி. அலைகொண்டுபோன வீடு மனைவியுடையது, அவளுடைய தாய் கொடுத்தது. புதிய வீட்டுக்கான படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது; அதில் கணவரின் பெயர் ஏறிற்று, பல இடத்தில் வீடும் அவர் பெயருக்கே வந்தது. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அப்போதே இதைச் சுட்டிக்காட்டினார்கள். வீட்டைக் கொடுத்தவர்களுக்கு நோக்கம் கெட்டதில்லை. ஊரில் வீடு யாருடையது என்று கேட்கவேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. அரசாங்கக் காணி விஷயத்தில் இது புதிதும் இல்லை: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகன் இருந்தான், அதைத் திருத்த 2022 வரை போயிற்று.

மற்றது, மாடி. அடுக்குமாடியில் வீடு கிடைத்தவருக்குக் கூரை உண்டு, வளவு இல்லை. ஒற்றை மகள் என்றால் தப்பினார். மூன்று மகள் என்றால்? பக்கத்தில் ஒரு கொட்டில் இழுக்க முடியாது, மேலே ஒரு தட்டு போட முடியாது, பின்னுக்கு ஒதுங்குவதற்குப் பின்பக்கமே கிடையாது. விறகடுப்புக்கு இடமில்லாத குசினி, வாசலுக்கு நேரே கக்கூசு, எதிர்வீட்டு விறாந்தையிலிருந்து உள்ளே தெரிகிற சாளரம் போன்ற குறைகளை மக்கள் திரை கட்டியும் சுவர் உடைத்தும் சமாளித்துக்கொண்டார்கள். இந்த ஒன்றைச் சமாளிக்க வழியில்லை. சிலர் அந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, இடிந்துகிடந்த பழைய கடற்கரை வளவுக்கே இளையவளோடு திரும்பினார்கள். அலைக்குப் பயமில்லையா என்று கேட்டால், மகள் வீடில்லாமல் நிற்பதுதான் பெரிய பயம் என்பார்கள்.

இன்றைய வீடு இந்த நெருக்கடியில் பிறந்தது. கிழக்கே கடல்; மேற்கே வயல். வயலை நிரப்பி வீடு கட்ட 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும், அது இலேசில் கிடைக்காது. வளவுகள் தாயிடமிருந்து மகளுக்கென்று துண்டாகித் துண்டாகி ஐந்து, ஆறு பேர்ச்சில் வந்து நிற்கின்றன. ஆகவே முன்பு பின்னால் போன வீடு இப்போது மேலால் போகிறது. கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்வீடு இளையவளுக்கு. கட்டுகிற இடத்தில் நின்றால் இப்படி ஒரு பேச்சுக் காதில் விழும்:

“ராத்தா, படியை உள்ளால எடுப்பமா, வெளியாலயா?”

“வெளியாலதான் தம்பி. நாளைக்குச் சின்னவள்ர மாப்பிள்ளையும் வரணும்தானே. அவரு இவங்கட ஹோலுக்குள்ளால நடந்து போறதா?”

வெளிப்படிக்கட்டு இந்தக் கரையின் இன்றைய கட்டட வடிவம் என்றே சொல்லலாம். ஒழுங்கையைத் தொட்டுக்கொண்டு, மதிலோடு ஒட்டி, செங்குத்தாக ஏறும். இரண்டு மருமகன்மாரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் போய்வர ஏற்ற வழி அது. படியின் கீழே தண்ணீர் மோட்டாரும் எரிவாயுச் சிலிண்டரும். தாய்க்கு இப்போது எங்கே இடம்? முன்பு குசினித் தாழ்வாரம், இப்போது கீழ்வீட்டின் பின்னறை. முழங்கால் நோவுக்காரிக்கு இளைய மகளின் வீட்டுக்கு ஏறிப்போவது மாதத்தில் ஒரு நாள் நடந்தால் பெரிது. அக்கா தங்கைமாரின் பேச்சு சாளரத்துக்குச் சாளரம் நடக்கிறது, பொருள் பண்டம் ஏறி இறங்க வாளியும் கயிறும். கைப்பேசி வந்த பிறகு வாளி மட்டும்.

வெக்கையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கொங்கிறீற்றுத் தட்டு பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுக்க வீட்டுக்குள் விடுகிறது. மேல்வீட்டுக்காரிக்குத்தான் முழுத் தண்டனை. மதிலும் அயல்வீட்டுச் சுவரும் நெருங்கி நிற்பதால் காற்று உள்ளே வரவே இடமில்லை; கச்சான் காலத்தில் மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிவிடும். மண்வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கறையானும் பாம்பும் ஒழுக்கும் கண்டவர்கள் அதைக் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சாளரம், இறங்கிய தாழ்வாரம் ஆகிய மூன்றும் மண்ணோடு சேர்ந்து போயிருக்கவேண்டியதில்லை. சீமெந்து வீட்டிலும் அவற்றை வைக்கலாம். வைத்தால் ஒரு அறை குறையும் என்பதால் வைப்பதில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்து மூடை மூவாயிரத்தை எட்டியபோது மேல்தட்டு வேலைகள் பல பாதியில் நின்றன. மேல்வீடு முடியாததால் கலியாணமும் தள்ளிப்போனது. வீடு இல்லாமல் மாப்பிள்ளை பேசக்கூடாது என்று எழுதாத சட்டம் இருக்கிற ஊரில் சீமெந்து விலை பெண்பிள்ளைகளின் வயதைத் தின்றது. இந்த வழக்கத்தின் கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். பெண்ணுக்குச் சொந்த வீடு என்பது பெரிய பலம். புருஷன் விட்டுப்போனாலும் அவள் தெருவில் நிற்கமாட்டாள். அதே வீட்டைத் தேடிக்கொடுக்க வாப்பாவும் காக்காமாரும் அரைவாழ்க்கையைக் கொடுக்கிறார்கள். காக்கா இல்லாத வீட்டில் உம்மாவே வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போய் மகளுக்குக் கல் வைக்கிறாள்.

சொறிக்கல்முனையில் இன்னும் வளவு இருக்கிறது. அங்கே வீடு மேலே ஏறவில்லை, பக்கத்தில் பக்கத்தில் வருகிறது: திட்ட வீடு ஒன்று, அதன் முன்னால் வெளிநாட்டுக் காசில் இழுத்த போர்ட்டிகோ, பின்னால் தகரக் குசினி, அதற்கும் பின்னால் எப்போதோ கட்டிய ஓட்டு வீட்டின் பாதி. ஒரு வளவை ஒரு முறை சுற்றி வந்தால் ஐம்பது வருட வரலாறு கிடைத்துவிடும். மண்சுவர் காணவேண்டும் என்றால் மாட்டுக்கொட்டில் பக்கமோ வயல் வாடிப் பக்கமோ போகவேண்டும். இலுக்குக் கூரை போட்ட பெரிய கொட்டில் கல்முனைப் பக்கத்து உணவுவிடுதி வாசலில் கிடைக்கும், அதன் கீழே குளிர்பானம் குடிக்கலாம்.

இந்த வீடுகளைப் பேணுவது பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் வரலாற்று இடங்களுக்கென்று 1966ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பதிவேடு ஒன்று உண்டு. லூசியானாவின் ஒடுங்கிய தொழிலாளர் வீட்டுவரிசைகளும் மசசூசெற்சின் மரப்பலகை வீடுகளும் அதில் ஏறி, வாசலில் பித்தளைப் பலகையோடு நிற்கின்றன. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழைமையை 1815ஐ வைத்து அளந்தது. வருடாவருடம் மெழுகிப் புதுப்பித்த மண்வீட்டுக்கு அந்த அளவுகோலில் வயதே ஏறாது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் இல்லத்தைப் பேணி வைத்திருக்கிறார்கள், பெரியவர் பிறந்த வீடு என்பதால். காத்தான்குடியின் பூர்வீக நூதனசாலையில் அன்றைய முஸ்லிம் வீட்டுப் புழங்குபொருட்களைக் காணலாம். சாதாரண ஆட்களின் சீதன வீடு ஒன்றை, குந்தும் இருட்டறையும் தனிக் குசினியும் வேலிப்பொட்டுமாக, அளந்து வரைந்தாவது வைக்கவேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இப்போது நொத்தாரிசுமாரின் மேசையில் கிடப்பது வேறு சிக்கல். கீழ்வீட்டை மூத்தவளுக்கு எழுதலாம். மேல்வீட்டை இளையவளுக்கு எப்படி எழுதுவது? மாடிக்குத் தனி உறுதி எழுத 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்குத் தனி வரைபடம், அனுமதி, பதிவு என்று செலவும் அலைச்சலும். ஆறு பேர்ச் காணியில் இரண்டு தட்டு வைத்திருக்கும் குடும்பம் அந்த வழிக்குப் போவதில்லை. காணியைப் பிரிக்காமல் இருவருக்கும் சரிபாதி என்று எழுதிவிட்டு, மேல் யாருக்கு, கீழ் யாருக்கு என்பதை வாயால் சொல்லிவைக்கிறார்கள். அக்காவும் தங்கையும் இருக்கும் வரை அது செல்லும். அவர்களுடைய மகள்மாருக்குக் கலியாணம் பேசுகிற நாளில், கீழே இரண்டு பெண், மேலே மூன்று பெண் என்று கணக்கு வரும்போது, தட்டுக்கு மேல் தட்டு யாருடையது என்ற வழக்கு கல்முனை நீதிமன்றத்துக்குப் போகும்.